சொல்லப்படாத முடிவு: இரண்டு சிறுகதைகளைச் சேர்த்துப் படித்தல்

கருக்கலைப்பைப் பற்றிய கதை. ஆனால் அந்தச் சொல் கதையில் ஓரிடத்திலும் வராது. கர்ப்பம் என்றோ குழந்தை என்றோ யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இருந்தாலும் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக வாசகர்கள் அதைக் கருக்கலைப்பைப் பற்றிய கதையாகத்தான் படித்து வருகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘ஹில்ஸ் லைக் வைட் எலிஃபன்ட்ஸ்’ என்ற கதை அது. ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ என்று தமிழில் சொல்லலாம். எண்பது ஆண்டுகள் கழித்து, 2007 பிப்ரவரியில், இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் எழுதிய ‘குட் பீப்பிள்’ என்ற கதை ‘தி நியூயார்க்கர்’ இதழில் வந்தது. ‘நல்லவர்கள்’ என்று பொருள். அதிலும் ஓர் இளம் ஜோடி, அதே சிக்கல், அதே மௌனம்.

இலக்கியத்தில் ‘சொல்லாமல் விடுவது’ என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் படித்தால், சொல்லாமல் விடுவது ஒரு நடை உத்தி, சிக்கனமாக எழுதும் முறை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் வேறொரு கேள்வி எழுகிறது: இந்த மௌனம் யாருடையது? எழுத்தாளருடையதா, பாத்திரத்துடையதா? அந்த மௌனத்தால் யாருக்கு லாபம்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சொல்லாமல் விடுவது வேறு, மர்மம் வேறு. மர்மக் கதையில் கொலையாளி யார் என்பது துப்பறிபவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, கடைசியில் தெரிந்துவிடும். நாம் பேசப்போகும் வகைக் கதையில் பாத்திரங்களுக்கு எல்லாமே தெரியும். தெரியும் என்பதால்தான் அவர்கள் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. நாள்கணக்காக ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் அதைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். ‘அது’ என்பார்கள், ‘அந்த விஷயம்’ என்பார்கள். நாம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிற இடத்தில் இருக்கிறோம். கடைசியில் விடை அவிழும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டால் பாதிக் கதைக்குள்ளேயே எல்லாம் புரிந்துவிடும்.

சரி, ஹெமிங்வேயின் கதைக்குப் போவோம். ஸ்பெயினில் ஈப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் சந்திப்பு. கடும் வெயில். பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட் போகும் விரைவு ரயில் வர இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்கனும் அவனோடு ஒரு பெண்ணும் நிலையத்து மதுக்கடைக்கு வெளியே, நிழலில் போட்ட மேசையில் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். கதை முழுவதும் இவ்வளவுதான். அவர்கள் எங்கே சந்தித்தார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, அவன் என்ன வேலை செய்கிறான், எதுவும் கிடையாது. அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவளை அவன் ‘ஜிக்’ என்று கூப்பிடுகிறான். கதைசொல்லிக்கு அவள் வெறும் ‘பெண்’. தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகப் படக்கூடாது. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டால் இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது மட்டும்தான் கண்ணில் நிற்கும்.

அவள் தூரத்துக் குன்றுகளைப் பார்த்து, வெள்ளை யானைகளைப் போல இருக்கின்றன என்கிறாள். அவன், தான் வெள்ளை யானையையே பார்த்ததில்லை என்கிறான். நீ பார்த்திருக்க மாட்டாய்தான் என்கிறாள் அவள். உடனே அவனுக்குச் சுருக்கென்கிறது. பார்த்திருக்கவும் கூடும், நீ சொல்லிவிட்டால் ஆகிவிடுமா என்று எதிர்வாதம் செய்கிறான். ஒரு குன்றின் உருவத்தைப் பற்றி இவ்வளவு சூடு எதற்கு? அங்கேதான் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் வந்தால், கோபம் அந்தச் சின்ன விஷயத்தைப் பற்றியது இல்லை.

அப்புறம் மதுக்கடை வாசலில் மணிச்சரங்களாகத் தொங்கும் மணித்திரையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து, அது என்ன பானம் என்று கேட்கிறாள். அவளுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. எல்லாவற்றையும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும், அவன்தான் கடைக்காரியிடம் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் சின்னத் தகவலை ஹெமிங்வே அழுத்திச் சொல்வதே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மொழி தெரியாத நாட்டில், அவன் துணையில்லாமல் ஒரு பீர்கூட வாங்க முடியாத இடத்தில், அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. அவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், இரண்டு பேருக்கும் இருக்கும் பலம் ஒன்றல்ல.

அந்தப் பானம் அதிமதுரச் சுவையாக இருக்கிறது என்கிறாள். எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்கிறான் அவன். ஆமாம், ரொம்ப நாள் ஏங்கிக் காத்திருந்த எல்லாமே கடைசியில் அதிமதுரச் சுவைதான் என்று அவள் திருப்பிக் கொடுக்கிறாள். நாம் செய்வதே இவ்வளவுதானே, எதையாவது பார்ப்பது, புதுசாக எதையாவது குடித்துப் பார்ப்பது என்றும் சொல்கிறாள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையின் முழு வரலாறும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவர்களுடைய பெட்டிகளில் தங்கிய ஓட்டல்களின் சீட்டுகள் எல்லாம் ஒட்டியிருப்பதைப் பின்னால் சொல்வார் ஹெமிங்வே. அவனுக்கு வேண்டியது அந்த வாழ்க்கைதான், அப்படியே, எந்த மாற்றமும் இல்லாமல்.

பாதி வழியில் அவன் ஆரம்பிக்கிறான்: அது உண்மையிலேயே ரொம்ப எளிமையான அறுவைச் சிகிச்சை, சொல்லப்போனால் அறுவைச் சிகிச்சையே இல்லை. அவள் பதில் சொல்லாமல் மேசைக் கால்கள் ஊன்றியிருக்கும் தரையைப் பார்க்கிறாள். கொஞ்சம் காற்றை உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான், அப்புறம் எல்லாம் இயல்பாகிவிடும் என்று தொடர்கிறான். புதிதாகப் படிப்பவர்கள் கேட்பார்கள்: இது கருக்கலைப்புதான் என்று எப்படிச் சொல்ல முடியும், வேறு ஏதாவது சிகிச்சையாகவும் இருக்கலாமே? அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்குக் கதைக்குள்ளேயே விடை தேட வேண்டும். சிகிச்சை முடிந்தால் நாம் முன்புபோல இருக்கலாம் என்கிறான். நம்மைச் சங்கடப்படுத்துவது இது ஒன்றுதான் என்கிறான். எனக்கு உன்னைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்கிறான். அங்கே இருப்பது இரண்டே பேர். ‘வேறு யாரும்’ என்றால் யார்? வேறு பெண்ணைப் பற்றிய பேச்சே கதையில் இல்லை. இன்னும் வராத மூன்றாவது ஆளைத்தான் சொல்கிறான். அவளோ, உனக்கு அது ஒரு பொருட்டே இல்லையா, நம்மால் சமாளிக்க முடியுமே என்கிறாள். இந்த நான்கைந்து துண்டுகளையும் சேர்த்தால் வேறு எந்த விளக்கமும் பொருந்தாது.

தலைப்பில் வரும் வெள்ளை யானைக்கும் இதில் பங்கு உண்டு. சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பார்கள், அதை வேலைக்கும் விட முடியாது, கொடுத்துவிடவும் முடியாது, தீனி போட்டே அழிய வேண்டியதுதான் என்று ஒரு பழைய கதை உண்டு. அதனால் ஆங்கிலத்தில் அது வேண்டாத, செலவு பிடிக்கிற உடைமையைக் குறிக்கும். அதே நேரத்தில் வெள்ளை யானை அரிதானது, புனிதமானது என்று போற்றப்பட்டதும் உண்டு. அவன் காதில் முதல் பொருள் விழுகிறது, அவள் இரண்டாவதைத்தான் பார்த்தாள் என்பது என் வாசிப்பு.

ஹெமிங்வே 1932இல் வெளியான ‘டெத் இன் தி ஆஃப்டர்நூன்’ என்ற நூலில் இந்த முறையைத் தானே விளக்கியிருக்கிறார். மிதக்கும் பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். அதன் நகர்வுக்குக் கம்பீரம் வருவது அதனால்தான் என்றார். இந்த வரியை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு அடுத்து வரும் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். எழுத்தாளனுக்குத் தான் விடுவது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் விட்டால் எழுத்தில் ஓட்டை விழும் என்கிறார். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு இந்த நிபந்தனைதான் முக்கியம். இந்த ஜோடியின் கடந்த காலம் ஹெமிங்வேக்குத் தெரிந்திருந்தது என்பதை நம்மால் உணர முடிகிறது. ஒட்டிய ஓட்டல் சீட்டு அதற்குச் சாட்சி. தெரியாதவன் எழுதினால் ‘அவர்கள் நிறையப் பயணம் செய்தவர்கள்’ என்று எழுதியிருப்பான்.

நிலக்காட்சி இந்தக் கதையில் பேசாத வேலையைச் செய்கிறது. நிலையம் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மரமோ நிழலோ இல்லாத, காய்ந்த வெளி. இன்னொரு பக்கம் தானிய வயல்கள், ஆற்றங்கரை மரங்கள், தூரத்தில் மலைகள். பேச்சு முற்றிய ஒரு கட்டத்தில் அவள் எழுந்து நிலையத்தின் கோடிவரை நடந்துபோய் அந்தப் பசுமையான பக்கத்தைப் பார்க்கிறாள். வயல்மேல் ஒரு மேகத்தின் நிழல் நகர்கிறது. இதெல்லாம் நமக்கே கிடைத்திருக்கலாம் என்கிறாள். அவன், நமக்கு எல்லாமே கிடைக்கும் என்கிறான். இல்லை, கிடைக்காது என்கிறாள். உலகமே நம்முடையது என்கிறான். இல்லை, இனி அது நம்முடையது இல்லை, ஒருமுறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் திரும்ப வராது என்கிறாள். இருவரும் ஒரே சொற்களை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். நிலத்தைக் காட்டி மனதைச் சொல்வது சங்க இலக்கியம் படித்தவர்களுக்குப் பழகிய வழி. அங்கே பாலை என்றால் பிரிவு. பாடல் அதை விளக்கிக்கொண்டிருக்காது. ஹெமிங்வேயும் இந்தப் பக்கம் இதைக் குறிக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. அவளை எழுந்து நடக்க வைத்தார், போதும்.

இப்போது அவன் பேசும் முறையைக் கவனிப்போம். கதையில் எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். உனக்கு விருப்பமில்லை என்றால் செய்ய வேண்டாம் என்பதை அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதோடு சேர்த்து, ஆனால் அது ரொம்ப எளிது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறான். முதல் பாதியைத் தனியாக எடுத்தால் அவன் பெருந்தன்மையானவன். இரண்டு பாதியையும் ஒட்டிக் கேட்டால் அது வற்புறுத்தல். அவன் ஒருமுறைகூட, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. நம்மைச் சந்தோஷமில்லாமல் ஆக்கியது இது ஒன்றுதான் என்று அவன் சொன்னதும், அவள் கையை நீட்டி மணித்திரையின் இரண்டு சரங்களைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்துக்கொள்ள அங்கே வேறெதுவும் இல்லை. இதைச் செய்தால் நாம் சந்தோஷமாக இருப்போம் என்று நினைக்கிறாயா, நீ என்னை நேசிப்பாயா, நான் எதையாவது பார்த்து வெள்ளை யானை மாதிரி இருக்கிறது என்று சொன்னால் உனக்குப் பிடிக்குமா என்று கேட்கிறாள். அந்தக் கடைசிக் கேள்வியில் முழு உறவும் இருக்கிறது. பின்பு, சரி, செய்துகொள்கிறேன், எனக்கு என்னைப் பற்றி அக்கறை இல்லை என்கிறாள். அவனுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது, ஆனாலும் அவன் விடுவதில்லை. அந்தக் காரணத்துக்காக நீ செய்யக் கூடாது என்கிறான். அவள் சம்மதித்தால் போதாது, மனமுவந்து சம்மதித்தாள் என்றும் அவனுக்கு வேண்டும். பிற்பாடு குற்ற உணர்வு வராமலிருக்க அதுவும் தேவைப்படுகிறது. கடைசியில் அவள் ஏழு முறை ‘தயவுசெய்து’ போட்டு, பேச்சை நிறுத்து என்று கெஞ்சுகிறாள்.

ஆக, இந்தக் கதையில் ‘சொல்லாமை’ என்பது அமைதி இல்லை. அவன் நிறையப் பேசுகிறான். உண்மையான பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறான். ‘எளிமையானது’, ‘இயல்பானது’, ‘காற்று’ போன்ற சொற்கள் அந்த உண்மைப் பெயரின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பெயரைச் சொல்லாததால் லாபம் அவனுக்கு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920களில் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். பொது இடத்தில் அந்தச் சொல்லை உச்சரிக்கத் தயங்குவதற்கு வெளிக் காரணமும் இருந்தது. அதனால்தான் அடுத்த கதை சுவாரசியமாகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் கருக்கலைப்புக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு அளித்தது. 2022இல் அதே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாலஸின் கதை வெளிவந்த 2007இல் அந்தப் பாதுகாப்பு நடப்பில் இருந்தது. கதைக்குள்ளும் கருக்கலைப்புக்கான நேரம் முறையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, ஒளிந்து மறைந்து போக வேண்டியதில்லை. அப்படியும் அவர்களால் பேச முடியவில்லை. சட்டம் வாயை அடைக்காத இடத்தில் எது அடைக்கிறது?

‘குட் பீப்பிள்’ கதையில் பெயர்கள் உண்டு. லேன் டீன் ஜூனியருக்கு வயது பத்தொன்பது. ஷெரி ஃபிஷர் அவனைவிடக் கொஞ்சம் மூத்தவள். இருவரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் கல்லூரி மாணவர்கள், இருவரும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்கள். ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு மர மேசைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். கரையோரத் தண்ணீரில் சாய்ந்து விழுந்த ஒரு மரம் பாதி மறைந்து கிடக்கிறது. நேரம் குறித்தாகிவிட்டது. இந்தக் கதை பின்னர் வாலஸ் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘தி பேல் கிங்’ நாவலில் ஓர் அத்தியாயமாக, அவர் இறந்த பிறகு 2011இல் வந்தது. ஆனால் தனிக் கதையாகவே முழுமையாக நிற்கிறது. நாவலைத் தேடிப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படிக்கத் தொடங்கியதுமே வித்தியாசம் தெரியும். ஹெமிங்வேயின் பக்கத்தில் குட்டிக் குட்டி உரையாடல்கள், நிறைய வெள்ளை இடம். வாலஸின் பக்கத்தில் நீண்ட பத்திகள், நீண்ட வாக்கியங்கள். உரையாடல் ஏறக்குறைய இல்லை. நாம் முழு நேரமும் லேனின் தலைக்குள் இருக்கிறோம். அவன் நினைக்கிறான், நினைத்ததை மறுக்கிறான், மறுத்ததற்காகத் தன்னையே குற்றம் சாட்டுகிறான், ஜெபிக்கப் பார்க்கிறான். தனக்குள் இரண்டு பெரிய படைகள் எதிரெதிரே அணிவகுத்து, சத்தமில்லாமல் நிற்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. சொல்லாமல் விட்ட கதை என்று இதை எப்படி அழைப்பது, எல்லாவற்றையும்தான் கொட்டிவிட்டாரே என்று தோன்றலாம். வாசகருக்குக் கொட்டிவிட்டார்; ஷெரிக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. மௌனம் இடம் மாறியிருக்கிறது. ஹெமிங்வே நம்மிடமிருந்து மறைத்தார், பாத்திரங்களுக்குத் தெரியும். இங்கே நமக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாது.

லேன் மறைப்பது என்ன? தான் அவளை நேசிக்கவில்லை என்று அவன் உறுதியாக நம்புகிறான். அதை அவளிடம் நேராகச் சொல்ல அவனால் முடியவில்லை. நேசிக்கிறேன் என்று சொன்னால் எல்லாமே மாறிவிடும், இருவரும் சேர்ந்து ஜெபிக்கலாம், பாரம் பாதியாகும். நேசிக்கவில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னால், அவள் குறித்த நேரத்துக்குப் போய்விடுவாள். இரண்டும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே இரண்டையும் சொல்லாமல் இருக்கிறான். சொல்லாமல் இருப்பதே ஒரு பொய்யாக இருக்குமோ என்று அவனே யோசிக்கிறான். தன்னிடம் இல்லாத ஒரு தசையைக் கொண்டு எதையோ தூக்கப் பார்ப்பதுபோல அவனுக்கு இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று வெளிச்சம் போட்டுக் காட்டுகின்றன. ஹெமிங்வே சொல்லாமல் விட்டதை நாம் கலை என்று பாராட்டுகிறோம். லேன் சொல்லாமல் விட்டதை அவனே பொய் என்கிறான். எழுத்தாளன் விடுவதும் மனிதன் விடுவதும் ஒன்றல்ல. எழுத்தாளன் விட்டுவைக்கும் இடத்தில் வாசகன் உள்ளே வந்து வேலை செய்ய முடியும். காதலன் விட்டுவைக்கும் இடத்தில் அவள் தனியாக ஊகித்துக்கொண்டு கிடக்க வேண்டும். தெரிந்துகொண்டிருந்தால் அவள் முடிவு வேறாக இருந்திருக்கும் என்னும்போது, தெரிவிக்காமல் இருப்பதும் முடிவைத் திருப்புகிற செயல்தான். அமெரிக்கன் பேசிப் பேசி அழுத்தினான். லேன் பேசாமலே அழுத்துகிறான்; தன் கையில் அழுக்குப் படாதபடி முடிவு தானாக நடந்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறான். லேனை அமெரிக்கனைவிட நல்லவன் என்று எடுத்த எடுப்பில் சொல்லத் தோன்றும், ஏனென்றால் அவன் வேதனைப்படுவதை நாம் பார்க்கிறோம். ஆனால் ஷெரியின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவளுக்குக் கிடைப்பது ஒரு மௌனமான முகம் மட்டும்தான். அவன் உள்ளே எவ்வளவு தவித்தாலும் அவளுக்கு அது பயன்படவில்லை.

நேர்மையாகச் சொன்னால், அமெரிக்கனின் தலைக்குள்ளும் இவ்வளவு குழப்பம் இருந்திருக்கலாம். ஹெமிங்வே நம்மை உள்ளே விடவில்லை, அதனால் அவன் தந்திரக்காரனாகவே தெரிகிறான். லேனை வெளியிலிருந்து மட்டும் எழுதியிருந்தால் அவனும் கல்நெஞ்சனாகத் தெரிந்திருப்பான். ஒரு பாத்திரத்தின்மேல் நமக்கு வரும் பரிவு, கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இதைத்தான் விமர்சகர்கள் நோக்குநிலை என்பார்கள். கேட்கப் பெரிய சொல்லாக இருக்கும். இந்த இரண்டு கதைகளைப் படித்தவருக்கு அதை வரையறுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

பெண்களின் பக்கம் வருவோம். பலர் இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். ஹெமிங்வே ஜிக்கின் மனதுக்குள் நுழையவே இல்லை. ஆனால் அவள் பேசுகிறாள். குத்தலாகப் பேசுகிறாள், கேலி செய்கிறாள், கெஞ்சுகிறாள். அதைச் செய்துகொண்ட நிறையப் பேரை எனக்குத் தெரியும் என்று அவன் சொல்லும்போது, எனக்கும் தெரியும், அதற்கப்புறம் அவர்கள் எல்லோரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்று வெட்டுகிறாள். அவள் குரல் நம் காதில் நேராக விழுகிறது. வாலஸின் கதையில் ஷெரியின் குரல் அப்படி வருவதில்லை. உச்சக்கட்டத்தில் அவள் நீளமாகப் பேசுவதாக வருகிறது: தன்னால் அதைச் செய்ய முடியாது, குழந்தையைச் சுமந்து பெற்று முழு மனதோடு வளர்ப்பேன், உன்னை எந்தக் கடமையிலும் கட்ட மாட்டேன், நீ படிப்பை முடித்து நன்றாக இரு என்று. ஆனால் அதை அவள் சொல்லவில்லை. சொல்லப்போகிறாள் என்று லேன் பார்க்கிறான். கடவுள் அருளால் அவள் இதயத்தைத் தன்னால் படிக்க முடிந்தது என்றும், அவள் அப்படிச் சொல்லும்போது பொய் சொல்வாள், தான் நல்லவன் என்று நம்பிப் பந்தயம் கட்டுகிறாள் என்றும் அவன் நினைக்கிறான்.

இதை நம்பலாமா? அவனுக்கு உண்மையான ஒரு தரிசனம் கிடைத்தது என்று படிக்க முடியும். கதையின் தொனி அதற்கு இடம் தருகிறது. அவன் தனக்கு வேண்டியபடி அவள் வாயில் வசனத்தை வைக்கிறான் என்றும் படிக்க முடியும். நான் முதலாவது வாசிப்பின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். காரணம், அந்தக் காட்சி அவனுக்குச் சௌகரியமானது இல்லை. அவள் அவனை விடுவிக்கிறாள். அதை ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விடலாம். அவனோ போகாமல், அந்த ஒரு வாரம் முழுக்க ஒருமுறைகூட எழாத கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்கிறான்: நான் அவளை நேசிக்கவில்லை என்று எனக்கு எப்படி இவ்வளவு நிச்சயம்? வெறும் பயம்தானோ? வேண்டிக்கொள்ள வேண்டியது அன்புக்காக இல்லையோ, அவள் பேசும்போது அவள் கண்களைப் பார்க்கிற தைரியத்துக்காகத்தானோ? இந்தக் கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது. இருந்தாலும் இரண்டாவது வாசிப்பை நான் தள்ளிவிட மாட்டேன். தன் உடலைப் பற்றிய முடிவில் ஷெரி சொந்தக் குரலில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கதை முடிகிறது என்பது உறுத்த வேண்டிய விஷயம்தான்.

முடிவுகளைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அவள் செய்துகொண்டாளா, இல்லையா? ஹெமிங்வேயின் கதையில் கடைசியில் அவன் கனமான இரண்டு பெட்டிகளையும் நிலையத்தின் மறுபக்கத் தண்டவாளத்துக்கு எடுத்துப்போகிறான். வழியில் மதுக்கடைக்குள் தனியாக ஒரு கோப்பை குடித்துவிட்டு வருகிறான். உனக்கு இப்போது பரவாயில்லையா என்று கேட்கிறான். நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பெட்டி மறுபக்கம் போனதால் திட்டம் மாறிவிட்டது, அவர்கள் மாட்ரிட் போகவில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. மாட்ரிட் ரயில் அந்தப் பக்கம்தான் வரும், அதனால்தான் எடுத்துப்போனான் என்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் இயல்பு. ஆனால் கதையின் எடை அங்கே இல்லை. ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்பதைக் கவனியுங்கள். சரிசெய்ய வேண்டிய கோளாறு எதுவும் என்னிடம் இல்லை என்கிறாள். அவன் கேட்டது அவள் மனநிலையை; அவள் பதில் சொன்னது நாற்பது நிமிடப் பேச்சுக்கு. பிள்ளை பிறந்ததோ இல்லையோ, அவன் பேச்சை அவள் நம்புவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு கதைகளும் கருக்கலைப்பு சரியா தவறா என்று வழக்காட வரவில்லை. யாராவது இவற்றை ஒரு பக்கத்துக்கான பிரசாரமாகக் காட்டினால், கதையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வாலஸின் பாத்திரங்கள் மத நம்பிக்கை உள்ளவர்கள் என்பதால் அப்படிப் படிக்க ஒரு தூண்டுதல் இருக்கிறது. ஆனால் அங்கேயும் சோதனைக்கு உள்ளாவது லேனின் நேர்மை. தன்னை நல்லவன் என்று நம்பி வளர்ந்தவனுக்கு, அந்த நம்பிக்கையே உண்மையைச் சொல்லத் தடையாகிறது. உண்மையைச் சொன்னால் தான் நல்லவனாகத் தெரிய மாட்டோம் என்று பயப்படுகிறான். கதையின் தலைப்பு அந்தப் பயத்தைத்தான் தொடுகிறது.

படிக்க உட்காரும்போது ஹெமிங்வேயை முதலில் எடுங்கள்; சில பக்கங்கள்தான். முதல் தடவை எதையும் துருவாமல் ஓடவிடுங்கள். இரண்டாவது தடவை இரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு குரலாகச் சத்தமாகப் படியுங்கள். யார் எதைச் சொல்கிறார்கள் என்று எழுத்தாளர் பல இடங்களில் குறிப்பிட மாட்டார். வாய்விட்டுப் படித்தால் குரல்கள் தானாகப் பிரிந்துவிடும். ‘அது’ என்று வரும் இடங்களில் எல்லாம் நிறுத்தி, இந்த ‘அது’ எது என்று கேளுங்கள். ஓரிடத்தில் சிகிச்சை, ஓரிடத்தில் குழந்தை, ஓரிடத்தில் அவர்கள் இழந்துகொண்டிருக்கும் வாழ்க்கை என்று மாறிக்கொண்டே இருக்கும். வாலஸை ஒரே மூச்சில் படிப்பது நல்லது. நடுவில் நிறுத்தினால் அந்த நீண்ட வாக்கியங்களின் ஓட்டம் அறுந்துபோகும். படித்து முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து, ஷெரி உண்மையிலேயே வாய்விட்டுச் சொன்னவற்றை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அப்புறம் ஜிக் பேசியதற்கும் அதேபோல் கோடு போடுங்கள்.